பொலினீசியரின் கடற்கலமும் பாயும்

பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தன்னுள் அடக்கி நிற்பது பசிபிக் சமுத்திரம். அதன் நடுவே, வடக்கில் ஹவாய், தென்மேற்கில் நியூசீலாந்து, தென்கிழக்கில் ஈஸ்டர் தீவு எனப்படும் ரப்பா நூயி ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைப்பின் ஒரு மாபெரும் முக்கோணம் அமையும். அம்முக்கோணத்தையே புவியியலார் பொலினீசியா என்பர். நியூசீலாந்தை ஒழித்துப் பார்ப்பின் அங்குள்ள நிலம் மிகச் சிறிது; நீரோ எல்லையற்றது. ஹவாய்க்கும் தாகித்திக்கும் இடையே சுமார் 2,500 மைல் கடல் கிடக்கின்றது. ரப்பா நூயியிலிருந்து மக்கள் வாழும் அடுத்த தீவினை அடைதற்கு ஆயிரத்து இருநூறு மைலுக்கு மேற் செல்லவேண்டும். இத்துணைத் தொலைவிற் பிரிந்து வாழ்ந்த மக்கள் அனைவரும் ஒரே மூலமொழியின் கிளைகளைப் பேசினர். ஒரே வகைப் பயிர்களைப் பயிரிட்டனர். தம் முன்னோர் கடல் வழியே கலமேறி வந்த வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக ஓதிவந்தனர்.

இவர்கள் இரும்பை அறியார்; திசையறி கருவியை அறியார்; எழுத்து வடிவிலமைந்த கடற்படமும் அவர்பால் இல்லை. அங்ஙனமாகவும், ஐரோப்பியர் தம் கரையை விட்டு வெகுதூரம் அகலத் துணிதற்கு முன்னரே, இம்மக்கள் உலகின் மிகப் பரந்த கடலிற் குடியேறி முடித்துவிட்டனர். இச்செயல் எவ்வாறு கைகூடியது என்னும் வினாவுக்கு விடை அவர்தம் கலத்திலும் அதன் பாயிலும் அதனைச் செலுத்திய மீகாமனின் நெஞ்சிலும் அடங்கியுள்ளது. அவ்விடையை உலகம் ஏற்றுக்கொள்ளுதற்கு இரு நூற்றாண்டுகள் சென்றன என்பதே இவ்வரலாற்றின் சிந்திக்கத்தக்க பகுதியாகும்.

ஐரோப்பியர் கண்ட காட்சி

1616ஆம் ஆண்டில் ஒல்லாந்த மாலுமிகளான ஸ்கௌட்டன், லெ மேர் என்போர் தொங்காத் தீவுகளை அணுகும்போது நடுக்கடலிற் பாய் விரித்துச் செல்லும் இரட்டைக் கலமொன்றைக் கண்டனர். அதன் உருவத்தை அவர் வரைந்துவைத்த படம் இன்றும் உள்ளது. இரு நீண்ட உடல்கள், அவற்றை இணைக்கும் மேடை, மேடைமீது ஒரு சிறு குடில், மேலே நண்டின் கொடுக்கை ஒத்த பாய் ஆகியவற்றை அப்படத்திற் காணலாம்.

1769இல் ஆங்கிலத் தளபதி ஜேம்ஸ் குக் தாகித்தியை அடைந்தார். அங்கு அவருக்குக் கிடைத்த பெரும்பேறு துப்பாயா என்னும் அறிஞரின் துணையாகும். துப்பாயா றயாத்தேயாத் தீவிற் பிறந்தவர். அத்தீவின் புகழ்பெற்ற தப்புத்தப்புவாத்தேயா என்னும் வழிபாட்டிடத்தில் குருத்துவமும் கடலறிவும் பெற்றவர். குக்கின் கப்பலில் ஏறிய அவர், தாம் அறிந்த தீவுகளின் பெயர்களையும் திசைகளையும் சொல்ல, அவற்றைக் கொண்டு ஒரு படம் வரையப்பட்டது. இன்று எஞ்சியுள்ள அப்படத்தின் படிகளில் 74 தீவுகள் குறிக்கப்பட்டுள்ளன. கப்பல் நியூசீலாந்தை அடைந்தபோது, தாகித்தி மொழி பேசிய துப்பாயாவின் சொற்களை மௌரி மக்கள் விளங்கிக்கொண்டனர். பல நூற்றாண்டு பிரிந்திருந்த இரு கிளையினர் ஒரே மொழியாற் சந்தித்த அந்நிகழ்ச்சி, சொல்லாராய்ச்சியாளர் பின்னர் நிறுவிய உண்மைக்கு முதற்சான்றாயிற்று. துப்பாயா 1770இன் இறுதியில் பத்தாவியா நகரில் நோயுற்று இறந்தார். அவர் அறிந்திருந்தவற்றுட் பெரும்பகுதி அவருடனே மறைந்தது.

1774இல் குக் மீண்டும் தாகித்திக்குச் சென்றபோது, அண்டைத் தீவின்மேற் படையெடுத்தற்கென அணிவகுத்து நின்ற கலங்களைக் கண்டார். பெரிய இரட்டைப் போர்க்கலங்கள் 160, சிறியன 170 என அவர் எண்ணிக் குறித்தார். உடன் சென்ற ஓவியர் ஹொட்ஜஸ் அக்காட்சியைத் தீட்டிவைத்தார். கல்லுளியாற் செதுக்கி நாராற் கட்டிய கலங்கள் இத்துணை ஒரு தீவில் இருந்தமை, அக்கலை அம்மக்கள் வாழ்வில் வகித்த இடத்தைக் காட்டும்.

குடிப்பெயர்ச்சியின் காலம்

பொலினீசியரின் மூதாதையர் ஒஸ்திரோனீசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்குடும்பத்தின் தொடக்கம் தைவான் தீவிலெனப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். அங்கிருந்து பிலிப்பைன் தீவுகள் வழியே தெற்கும் கிழக்குமாகப் பரவிய இவர், கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியில் நியூகினிக்கு அருகேயுள்ள பிஸ்மார்க் தீவுக்கூட்டத்தில் வாழ்ந்தனர். பற்கள் பதித்தாற்போன்ற கோலங்களையுடைய அவர்தம் மட்கலங்கள் லப்பிட்டா என்னும் பெயராற் குறிக்கப்படும். நியூ கலிடோனியாவில் 1952இல் அகழப்பட்ட ஓரிடத்தின் பெயர் அதுவாகும். அம்மட்கலங்களின் வழிச்சென்று ஆராய்ந்தோர், கி.மு. 900 - 800 அளவில் இம்மக்கள் தொங்காவையும் சமோவாவையும் அடைந்துவிட்டனர் எனக் கண்டனர்.

அதன்பின் நிகழ்ந்தது வியப்பைத் தருவது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர் அப்பாற் செல்லவில்லை. பின்னர் கி.பி. 10ஆம் நூற்றாண்டளவிலே தொடங்கிய பெயர்ச்சி 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தாகித்தி, மார்க்கேசஸ், ஹவாய், ரப்பா நூயி, நியூசீலாந்து என முக்கோணத்தின் மூன்று முனைகளையும் எட்டிவிட்டது. நியூசீலாந்தில் எலிகள் கொறித்த பழைய வித்துகளைக் கதிர்வீச்சுக் காபன் முறையால் ஆராய்ந்தோர், அவ்வெலிகளைக் கலமேற்றி வந்த மனிதர் 13ஆம் நூற்றாண்டிலேயே அங்கு கால்வைத்தனர் என நிறுவினர். நீண்ட ஓய்வுக்கும் திடீர்ப் பாய்ச்சலுக்கும் காரணம் காற்றின் மாறுபாடெனச் சிலரும், இரட்டைக் கலத்தின் வளர்ச்சியெனச் சிலரும் கூறுவர். இரண்டும் ஒருங்கே துணைபுரிந்தன என்று கொள்ளுதலும் பொருந்தும்.

கலத்தின் அமைப்பு

ஒரு மரத்தைக் குடைந்தாற் கிடைப்பது ஒடுங்கிய ஓடம். அது நீரைக் கிழித்து விரைந்து செல்லும்; ஆயின் எளிதிற் புரளும். அகலமான கலம் புரளாது, ஆயின் அதனைக் கட்டுதற்குப் பலகையும் ஆணியும் வேண்டும், விரைவும் குறையும். ஒஸ்திரோனீசியர் இவ்விடர்ப்பாட்டை இரு வழிகளில் தீர்த்தனர். ஒன்று, ஓடத்தின் ஒரு பக்கத்தே குறுக்குக் கழிகளை நீட்டி, அவற்றின் நுனியில் இலேசான மரத்துண்டொன்றைக் கட்டுதல். இப்பக்கமிதவையைப் பொலினீசியர் அமா என்பர். காற்று வரும் பக்கத்தில் அது நிற்பின் தன் பாரத்தாற் கலத்தைத் தாழ்த்திப் பிடிக்கும். மறுபக்கத்தில் நிற்பின் தன் மிதப்பினால் தாங்கும். மற்றையது, மிதவைக்குப் பதிலாக இன்னோர் ஓடத்தையே வைத்து இணைத்தல். இரட்டைக் கலம் தோன்றியது இவ்வாறேயாம். இரு உடல்களும் ஒடுங்கியனவாதலின் விரைவு குறையவில்லை. இடையே மேடை அமைந்தமையால் மாந்தரும் விலங்கும் விதையும் நீரும் ஏற்ற இடம் உண்டாயிற்று. நிறைபாரம் இட்டு நிலைப்படுத்த வேண்டாமையால், நீர் புகுந்தாலும் மரம் மிதக்குமேயன்றிக் கலம் அமிழ்ந்துவிடாது.

கலத்திற்கு வேண்டிய பொருள்கள் அனைத்தையும் காடும் தோட்டமும் தந்தன. ஹவாயில் கோவா மரமும், நியூசீலாந்தில் கௌரி, தொத்தாரா மரங்களும், பீஜியில் வேசி மரமும் சிறந்தனவாகக் கொள்ளப்பட்டன. பொலினீசியத் தீவுகள் பலவற்றிற் கலத்திற்கு உதவிய தமானு என்பது இலங்கைக் கரைகளிலும் நிழல் செய்து நிற்கும் புன்னையே. மரத்தைச் செதுக்கியது கருங்கல் வாய்ச்சி. பவளத் தீவுகளிற் கல் இன்மையாற் பெருஞ்சிப்பியின் ஓடு வாய்ச்சியாயிற்று. தேங்காய்த் தும்பைத் திரித்த கயிறே ஆணிக்கும் திருகுக்கும் ஈடாகியது. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இடையே தும்பை வைத்து, ஈரப்பலாவின் பாலைப் பூசி, கயிற்றால் இறுகத் தைத்தனர். துவாமோத்துத் தீவுகளிற் பெருமரம் வளர்வதில்லை. அங்குள்ளோர் சிறுசிறு பலகைத் துண்டுகளைப் பொருத்தித் தைத்தே பெருங்கலங்களை ஆக்கினர். ஆணியடித்த கலம் அலைக்கு எதிர்த்து நின்று ஈற்றிற் பிளக்கும். கட்டிய கலமோ அலையோடு நெகிழ்ந்து கொடுத்து மீளும். இரும்பின்மை இங்கு குறையாகாமல் ஒரு நலமாகவே முடிந்தது.

கலம் கட்டுதல் தொழிலாக மட்டும் கருதப்படவில்லை. அது வழிபாடாகவும் இருந்தது. தாகித்தியில் வாய்ச்சிகளை முதனாள் இரவு வழிபாட்டிடத்தில் உறங்கவைத்து, விடியலிற் கடல் நீரில் தோய்த்து எழுப்புவர். ஹவாயிற் கலத்துக்கென ஒரு மரத்தைத் தேர்ந்தவர், எலெப்பயோ என்னும் சிறுகுருவி அதன்மேல் வந்து என்செய்கின்றது என்று நோக்குவர். குருவி பட்டையைக் கொத்திப் புழுவைத் தேடின் அம்மரம் உள்ளே சொத்தையென விடப்படும். சடங்கெனத் தோன்றும் இச்செயலுள் மரம் பற்றிய நுண்ணறிவு மறைந்திருத்தல் காண்க. உரிய முறை செய்யாது றாத்தா என்பான் வெட்டிய மரத்தை வனத்தின் பறவைகளும் பூச்சிகளும் இரவோடிரவாக மீண்டும் நிமிர்த்திவிட்டன என்னும் மௌரிக் கதையும் காட்டை மதித்தே கலம் கொள்ளல் வேண்டும் என்பதனை உணர்த்தும்.

பாயும் காற்றும்

தமிழிற் படுத்தற்குரிய விரிப்புக்கும் கப்பலை இயக்கும் சீலைக்கும் பாய் என்னும் ஒரே சொல் வழங்குகின்றது. பொலினீசியாவில் இவ்விரண்டும் பொருளாலும் ஒன்றே. தாழையின் ஓலையைக் கிழித்து, உலர்த்தி, ஒடுங்கிய பாய்களாகப் பின்னி, அவற்றை ஒன்றோடொன்று தைத்துக் கப்பற் பாயை ஆக்கினர். இது பெரும்பாலும் பெண்டிரின் கைவினை. ஆடவர் செதுக்கிய உடல் பெண்டிர் பின்னிய பாயினாலேயே உயிர்பெற்றது. தாழை வளராத நியூசீலாந்தின் குளிரிற் குடியேறியோர் அந்நாட்டுச் சணற்செடியாகிய ஹரக்கேக்கேயின் இலையைக் கொண்டு பாய் முடைந்தனர். அவ்வாறு முடைந்த பழைய மௌரிப் பாய்களில் ஒன்றே ஒன்று எஞ்சியுள்ளது. பிரித்தானிய நூதனசாலையில் உள்ள அப்பாய் 2023இல் நியூசீலாந்துக்கு இரவலாக அனுப்பப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. பாயைக் குறிக்கும் சொல்லும் பழமை வாய்ந்தது. மலாய் மொழியில் லாயார் என்பது ஹவாயில் லா எனவும், நியூசீலாந்தில் றா எனவும் வழங்கும்.

வடிவத்தை நோக்கின் இப்பாய்கள் முக்கோண வகையின. கூர்முனை கீழேயும் அகன்ற பகுதி மேலேயுமாக இரு கழிகளுக்கிடையே அவை விரிக்கப்பட்டன. தாகித்தி, மார்க்கேசஸ், ஹவாய், நியூசீலாந்து ஆகிய கிழக்குப் பகுதிகளில் ஒரு கழி பாய்மரமாக நிமிர்ந்து நிற்க, மற்றது வில்போல வளைந்து பாயின் ஓரத்தைத் தாங்கும். மேற்குப் பகுதிகளில் இருகழிகளிடை விரித்த பாயை வேறொரு மரத்திலிருந்து தொங்கவிட்டனர். நண்டுக் கொடுக்குப் பாய் என்னும் பெயர் இவ்வடிவங்களுக்குப் பொதுவாக வழங்கலாயிற்று.

ஐரோப்பியருட் பலர் இப்பாயைச் செம்மையற்ற பழங்காலப் பொருளெனவே எண்ணினர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்ச்சாய் என்னும் பாய்க்கலை அறிஞர் காற்றுக் குகையில் வைத்து ஆராய்ந்தபோது உண்மை வேறாயிருத்தல் வெளிப்பட்டது. பாயின் சரிந்த ஓரங்களில் மோதும் காற்று சுழலாக உருண்டு பாயின் பின்புறத்தைத் தழுவிச் செல்கின்றது. அச்சுழலினால் இழுவிசை மிகுகின்றது. முக்கோண இறக்கையுடைய அதிவேக விமானங்கள் மெல்லப் பறக்கும்போது அவற்றைத் தாங்குவதும் இவ்வகைச் சுழலேயாகும். காற்றுக்குக் குறுக்காகச் செல்லும்போது இப்பாயின் வலி பல புதிய பாய்களின் வலியை விஞ்சியது. ஓலைப் பாய் மிகுந்த இழுப்பைத் தாங்காது. ஆகவே நெகிழ்ந்த பாயில் நிறைந்த வலியைப் பெறும் வடிவத்தை அம்மக்கள் பல தலைமுறைப் பட்டறிவாற் கண்டுபிடித்தனர் எனல் தகும்.

காற்றுக்கு எதிரே செல்லவேண்டின் கலம் இடமும் வலமுமாக மாறிமாறிச் சாய்ந்து ஏறவேண்டும். கிழக்குப் பொலினீசியர் கலத்தின் முகத்தைக் காற்றினூடே திருப்பியே இதனைச் செய்தனர். தாகித்தியின் மிதவைக் கலங்களில் மிதவைக்கு எதிர்ப்பக்கம் ஒரு பலகை வெளியே நீண்டிருக்கும். சாய்வு மிகும்போது ஒருவர் அதன்மேற் சென்று நின்று சமன் செய்வார். மைக்குரோனீசியரும் பீஜியரும் கையாண்ட முறை வேறு. அவர் மிதவையை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே வைத்தனர். திசை மாற்ற வேண்டியபோது கலத்தைத் திருப்பாமல், பாயின் அடிமுனையைத் தூக்கிச் சென்று மறுமுனையிற் பொருத்துவர். முன்பு பின்னணியமாக இருந்தது முன்னணியமாகும். இதற்கென இருமுனையும் ஒத்த வடிவில் அமைக்கப்படும்.

பீஜியரின் துருவா என்னும் பெருங்கலம் இம்முறையின் உச்சமாகும். அதன் இரு உடல்களுள் ஒன்று சிறியது. அதுவே காற்றுமுகத்து மிதவையாய்ப் பயன்படும். நூறடி நீளத்தை எட்டியனவும் இருந்தன. தொங்கா மக்கள் தம் பழைய தொங்கியாக்கி என்னும் கலத்தைக் கைவிட்டு, துருவாவைப் பின்பற்றிக் கலியா என்னும் பெயரில் அதனை ஏற்றனர். நல்ல வேசி மரத்தை நாடி அவர்தம் தச்சர் பீஜியின் கீழைத் தீவுகளிற் சென்று ஆண்டுக்கணக்கில் தங்கிக் கலம் கட்டினர். 1913இல் கட்டப்பட்ட றாத்து பினவு என்னும் சிறிய துருவா பீஜி நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளது.

வழி காணும் கல்வி

கலமும் பாயும் இருந்தாலும் வழி அறியாதவன் கடலில் மாய்வான். பொலினீசிய மீகாமனுக்கு வானமே நூல். ஒவ்வொரு விண்மீனும் அடிவானின் ஒரே இடத்தில் உதித்து அதற்கு ஒத்த இடத்தில் மறையும். ஓரிரவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே புள்ளியில் எழும் மீன்களின் வரிசையை நினைவிற் கொண்டவன் திசை தவறான். தலைக்கு நேர் மேலாகச் செல்லும் மீனைக் கொண்டு தான் வடக்கு தெற்கில் எவ்விடத்தில் நிற்கின்றான் என்பதையும் அவன் அறிவான். தமிழர் சுவாதி எனக் கூறும் விண்மீனை ஹவாய் மக்கள் ஹொக்குலேயா என்பர். மகிழ்ச்சி மீன் என்பது அதன் பொருள். அது ஹவாய்த் தீவுகளின் உச்சியிற் செல்வது. ஆதலின் சுவாதியை நேர்மேலே கண்டவன் தன் தீவின் அகலக்கோட்டினை அடைந்தவனாவான்.

பகலிலும் முகில் மூடிய இரவிலும் வழிகாட்டுவது அலை. தொலைவிற் பிறந்து நெடுநாள் மாறாது வரும் பேரலைகள் கலத்தின் எப்பக்கத்தைத் தூக்கித் தாழ்த்துகின்றன என்பதை மீகாமன் கண்ணாலன்றி உடலாலும் உணர்வான். நிலம் அணித்தாயின் குறிகள் பெருகும். வெள்ளை ஆலாப் போன்ற பறவைகள் காலையிற் கடலுக்குச் சென்று மாலையில் தீவுக்கு மீள்வன; அவை பறக்கும் திசை நிலத்தின் திசை. நகரும் முகில்களிடையே நகராது நிற்கும் முகிலின்கீழ் மலைத்தீவு இருக்கும். முகிலின் அடிப்புறம் பசுமை காட்டின் அங்கே பவளக்கடலேரி உண்டு. இவ்வாறு, ஊசிமுனை போன்ற தீவு ஒன்றைத் தேடுவோனுக்கு அத்தீவு பல மைல் அகன்ற குறியாக விரிகின்றது.

பொலினீசியாவிற் பெரும்பாலும் வீசுவது கிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று. குடியேற்றமோ மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றது. காற்றுக்கு எதிரே எவ்வாறு சென்றனர் என்பது பலரையும் மயக்கிய வினா. நியூசீலாந்து அறிஞர் ஜெப்ரி இர்வின் 1992இல் இதற்குத் தக்க விடை கூறினார். எதிர்காற்றில் தேடிச் செல்பவனுக்குத் திரும்பும் வழி எளிது. நிலம் கிடைக்காவிடின் காற்றே அவனை வீட்டிற் சேர்க்கும். பின்காற்றிற் செல்பவனே மீளமுடியாமல் அழிவான். மேலும் ஆண்டின் சில காலங்களில் மேற்குக் காற்றும் இடையிடையே வீசும். அதனைக் காத்திருந்து பயன்படுத்துதல் அறிவுடையோர் செயல்.

மறுப்பும் மெய்ப்பிப்பும்

19ஆம் நூற்றாண்டில் இக்கலை தளர்ந்தது. ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களால் தீவு மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். இரும்பாணியும் ஐரோப்பியக் கப்பலும் வந்தபின் பெருங்கலம் கட்டுவார் அருகினர். வழிபாட்டிடங்கள் கைவிடப்பட, அவற்றைச் சார்ந்த கல்வியும் அழிந்தது. கலமும் மீகாமனும் மறைந்தபின், அவர் செய்த செயலையே ஐயுறுவோர் தோன்றினர்.

1947இல் நோர்வே நாட்டுத் தோர் ஹையர்டால், பெரு நாட்டிலிருந்து கொன்-திக்கி என்னும் மரத்தெப்பத்திற் புறப்பட்டு 101 நாள் மிதந்து துவாமோத்துத் தீவுகளை அடைந்தார். பொலினீசியர் அமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்தவர் என்பது அவர் கொள்கை. நியூசீலாந்தின் அண்ட்ரூ ஷார்ப் 1956இல் வேறொரு கொள்கையை வெளியிட்டார். முந்நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவிற் கருதிச் சென்று மீள்தல் இயலாது. தொலைத்தீவுகளில் மக்கள் குடியேறியது வழிதவறிய கலங்களின் தற்செயலே என அவர் வாதிட்டார். இரண்டு கொள்கைகளும் தம்முள் மாறுபட்டவையாயினும் ஒன்றில் ஒத்தன: பொலினீசியன் கடலைச் செலுத்தியவன் அல்லன், கடலாற் செலுத்தப்பட்டவன் என்பதே அது. தம் முன்னோர் பற்றித் தாம் ஓதிவந்த வரலாறு வெறுங் கதையென இம்மக்கள் தம் பிள்ளைகளின் பள்ளிப் பாடத்திலேயே கேட்கும் நிலை ஏற்பட்டது.

மறுப்புக்கு விடை மூன்று வழிகளில் வந்தது. முதலாவது கணக்கு. லெவிசன், வார்ட், வெப் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், காற்று நீரோட்டக் குறிப்புகளைக் கணனியில் இட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மிதவைப் பயணங்களைக் கணித்தனர். பொலினீசியாவின் நடுவிலிருந்து வெறுமனே மிதந்து ஹவாயையோ நியூசீலாந்தையோ ரப்பா நூயியையோ அடையும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லுமளவுக்குக் குறைவெனக் கண்டனர். இரண்டாவது தொல்பொருட் சான்று. துவாமோத்துத் தீவொன்றிற் கிடைத்த கல்வாய்ச்சி ஹவாயைச் சேர்ந்த கஹோலாவேத் தீவின் கல்லாலானது என 2007இல் நிறுவப்பட்டது. நியூசீலாந்தின் அனவெக்காவில் 2012இற் புயலின் பின் வெளிப்பட்ட கலவுடலின் பகுதி, சுமார் கி.பி. 1400ஆம் ஆண்டுக்குரியது, அதில் கடலாமை ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. தென்னமெரிக்காவுக்கே உரிய வற்றாளை ஐரோப்பியர் வருமுன்னரே பொலினீசியத் தோட்டங்களில் விளைந்தது. இரு மக்களின் குருதி கலந்தமையை 2020இலும் 2024இலும் வெளிவந்த மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அமெரிக்கத் தொடர்பு உண்மையே. ஆயின் பொலினீசியரின் தோற்றம் அங்கன்று. கடல் கடந்து செல்லும் கலமும் கலையும் உடையவர் பொலினீசியரே ஆதலின், சென்று மீண்டவரும் அவரேயாதல் கூடும்.

மூன்றாவது விடை செயல். பென் பின்னி, ஹேர்ப் கானே, தொமி ஹோம்ஸ் ஆகிய மூவரும் 1973இல் ஹவாயிற் பொலினீசியக் கடற்பயணக் கழகத்தை நிறுவினர். 62 அடி நீளமுள்ள இரட்டைக் கலமொன்று கட்டப்பட்டு 1975இற் கடலில் இறக்கப்பட்டது. அதற்கு ஹொக்குலேயா என்று பெயரிட்டனர். அதன் உடல் ஒட்டுப்பலகை முதலிய புதிய பொருள்களால் ஆனது. வடிவும் பாயும் பழைய முறையின. கலம் ஆயத்தமாயினும் அதனைக் கருவியின்றிச் செலுத்தும் மீகாமன் ஹவாயில் ஒருவரும் இல்லை. மைக்குரோனீசியாவின் சத்தவால் என்னும் சின்னஞ்சிறு தீவைச் சேர்ந்த மௌ பியாயிலுக் என்பார் அப்பொறுப்பை ஏற்றார். தாகித்திக் கடலை அவர் முன் கண்டவரல்லர். 1976 மே 1ஆந் தேதி மௌயித் தீவிலிருந்து புறப்பட்ட கலம் சூன் 4ஆந் தேதி தாகித்தியின் பப்பேத்தே துறையை அடைந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் கடற்கரையில் திரண்டு அதனை வரவேற்றனர். ஏட்டில் நடந்த வாதம் துறைமுகத்தில் முடிந்தது.

வெற்றி இழப்பின்றி வரவில்லை. 1978இல் இரண்டாம் பயணத்தின் தொடக்கத்திற் கலம் புயலிற் கவிழ்ந்தது. துணை தேடி அலைச்சறுக்குப் பலகையில் தனியே சென்ற எடி ஐக்காவு மீளவில்லை. அவ்விழப்பின் பின்னரே, 1980இல், நைனோவா தொம்சன் என்னும் ஹவாய் இளைஞர் மௌவிடம் கற்ற கல்வியால் கலத்தைத் தாகித்திக்குச் செலுத்தி மீண்டார். 1999இல் அக்கலம் ரப்பா நூயியை அடைந்தது. 2014இற் புறப்பட்டு உலகைச் சுற்றி 2017இல் மீண்டது. ஹவாய் மரத்திலேயே ஒரு கலம் கட்டவேண்டும் என்று விரும்பியோர்க்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. காடெங்கும் தேடியும் போதிய பெரிய கோவா மரம் கிடைக்கவில்லை. ஈற்றில் அலாஸ்காப் பழங்குடியினர் நல்கிய ஊசியிலை மரங்களால் ஹவாயிலோவா என்னும் கலம் 1993இற் கட்டிமுடிக்கப்பட்டது. கலை மறைந்தால் மீட்கலாம். காடு மறைந்தால் மீட்பது அரிது என்பதை அது உணர்த்திற்று.

இலங்கையுடன் உறவு

இக்கலங்களின் சுற்றத்தார் இந்து சமுத்திரத்திலும் உண்டு. சிங்கள மீனவர் ஒருவ என வழங்கும் கலம் ஒரு பக்கமிதவையுடையது, இருமுனையும் ஒத்தது, மிதவையைக் காற்றுமுகத்திலேயே வைத்து முனைமாற்றிச் செல்வது. கி.பி. முதல் நூற்றாண்டு உரோம ஆசிரியரான பிளினி, தப்ரபேன் என வழங்கிய இத்தீவின் கலங்கள் இருபுறமும் முன்னணியம் உடையனவென்றும், மாலுமிகள் பறவைகளை உடன்கொண்டு சென்று பறக்கவிட்டு நிலத்தின் திசையறிந்தனரென்றும் எழுதியுள்ளார். சென்னை மாகாண மீன்பிடித் துறையின் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹோர்னெல், 1920இல் இந்தியக் கலங்களைப் பற்றியும், பின்னர் ஹடனுடன் சேர்ந்து 1936 - 38இல் பசிபிக் கலங்களைப் பற்றியும் விரிவான நூல்களை எழுதினார். பொலினீசியர் இலங்கைக்கு வந்தனர் என்று இதனாற் கொள்ளுதல் வேண்டா. ஒஸ்திரோனீசியக் குடும்பத்தின் மேற்குக் கிளையினர் மடகாஸ்கர் வரை சென்று குடியேறியவர். மிதவைக் கலம் அவர் வழியாக இக்கடலிற் பரவியது எனக் கொள்வதே பொருந்தும்.

இன்னொரு தொடர்பு சொல்லைப் பற்றியது. இரட்டை உடற் கலத்தை உலக மொழிகள் பலவும் இன்று கட்டமரான் என்கின்றன. அது கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லின் திரிபு. தமிழ் மீனவர் மரங்களை ஒருங்கு பிணைத்த தெப்பத்துக்கே அப்பெயரிட்டனர். ஐரோப்பியர் அதனை இரட்டைக் கலத்தின்மேல் ஏற்றிவிட்டனர். பெயர் தமிழரது, வடிவம் பொலினீசியரது.

முடிவுரை

மௌ பியாயிலுக் தம் கல்வியைப் பிறர்க்கு அளித்தமை அவர் குலமரபுக்கு எளிதான செயலன்று. சத்தவாலில் வழியறி கல்வி குடும்பத்துள்ளே காக்கப்படும் செல்வம். தம் தீவின் இளைஞர் அதனைக் கற்க விரும்பாமை கண்டு, தம்மோடு அது மறையும் என அஞ்சியே அவர் பிறநாட்டவர்க்குக் கற்பித்தார். 2007இல் நைனோவா உட்பட ஹவாயர் ஐவருக்கு மீகாமன் என்னும் தீட்சையைச் சத்தவாலில் அளித்தார். 2010இல் அவர் மறைந்தபோது கல்வி மறையவில்லை. துப்பாயா இறந்த நாளில் நேர்ந்த இழப்பு மீண்டும் நேராமற் காத்தவர் அவர்.

எழுத்தில் இல்லாதது அறிவன்று என்னும் எண்ணம் கற்றோரிடத்தே எளிதில் வேரூன்றுவது. ஓலைப் பாயும் தும்புக் கயிறும் கொண்டு ஓர் இனம் ஆற்றிய செயலை இரு நூற்றாண்டு ஐயுறச் செய்தது அவ்வெண்ணமே. கையிலும் காதிலும் நினைவிலும் வாழும் கல்வி ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. கரையோரத்துக் கலந்தச்சரிடமும் பாய் பின்னும் முதியோரிடமும் அது இன்னும் எஞ்சியிருக்கலாம். அதனைக் கேட்டறிவதற்குரிய காலம் அவர் உயிருடன் உள்ள காலமே.